மாங்கேணியில் மறைந்த மரம்

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியில், ஓட்டமாவடியைக் கடந்து வடக்கே சென்றால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று பெயர்கள் வரும். கிழக்கே கடல், மேற்கே களப்பும் காடும். நிருவாகக் கணக்கில் இது கோறளைப்பற்று வடக்கு. பேச்சில் வாகரைப் பக்கம். இந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்து, கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் போடக்கூடிய சொற்புதிராக இங்கே கட்டியிருக்கிறேன்.

நாலெழுத்தில் ஓர் ஊர். முதலெழுத்தில் நிழல் உண்டு. பின்னிரண்டு எழுத்தில் நீர் உண்டு. முதலும் கடையும் கூடினால் குருவிடம் கற்பவன் வருவான். நீருள்ள சொல்லின் முதலெழுத்தில் உடலை நீக்கி உயிரை மட்டும் விட்டால், இறங்கிய இடத்தில் ஏறலாம். இரண்டாம் எழுத்து தனித்து நிற்காது. நிழல் எந்த மரத்தினுடையது என்று சொல்வதும் அதுவே.

விடை மாங்கேணி. மா மரம், கேணி நீர். முதலையும் கடையையும் கூட்டினால் மாணி, அதாவது பிரமசாரி; மூன்றடி மண் கேட்ட வாமனனை இலக்கியம் இப்பெயரால் அழைக்கும். ‘கே’ என்ற உயிர்மெய்யில் உடலாகிய ககர மெய்யைக் கழித்தால் ஏகார உயிர் மிஞ்சும், கேணி ஏணியாகும். உயிர், மெய், உயிர்மெய் என்று எழுத்துக்குப் பெயர் வைத்த இலக்கணக்காரர்களே புதிர்க்காரனுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் இப்புதிரின் உயிர்நிலை கடைசிக் குறிப்பில் இருக்கிறது. மா என்பது ஒரே பொருள் கொண்ட சொல் இல்லை. விலங்கும் மா, பெரியதும் மா, கருமையும் மா; வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலமும் மா; ஈழத்துக் கடைகளில் கோதுமையை அரைத்து விற்பதும் மா. இத்தனைக்கும் நடுவில் இது மரம்தான் என்று எப்படித் துணிவது? ‘ங்’ சொல்கிறது. மரத்தைக் குறிக்கும் மா, வல்லெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது இடையில் இனமெல்லெழுத்துத் தோன்றும்: மாங்காய், மாங்கொட்டை, தொண்டைநாட்டு மாங்காடு, வன்னியின் மாங்குளம். பெரிய என்ற பொருளில் வரும் மா இப்படி மெல்லெழுத்து வாங்காது. மாகடல் என்றே நிற்கும். விலங்கைக் குறிக்கும் மாவுக்குத் தொல்காப்பியம் வேறு வழி வைத்திருக்கிறது: அங்கே னகர ஒற்று வரும். ஆக, விலங்கின் கேணியென்றால் மான்கேணி, மரத்தின் கேணியென்றால் மாங்கேணி. இந்த ஓர் ஒற்றைப் பார்த்தால் பொருள் தெளிந்துவிடும்.

இங்கே கெட்டிக்கார மாணவி ஒருத்தி எழுந்து மறுக்கலாம். ‘சேர், காதால் கேட்டால் மான்கேணியும் மாங்கேணி மாதிரித்தானே? புள்ளிமான் தண்ணி குடிச்ச கேணியாக ஏன் இருக்கக்கூடாது?’ கேள்வி நியாயமானது. னகரத்துக்குப் பின் ககரம் வந்தால் பேச்சில் அது பெரும்பாலும் ஙகரமாகவே ஒலிக்கும். பெயரைக் காதால் கேட்டு ஏட்டில் எழுதியவர் எந்த ஒற்றையும் இட்டிருக்கலாம். ஆகவே ஓர் ஊர்ப்பெயரின் விடையை அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தீர்க்கக்கூடாது. பக்கத்து ஊர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

முதற்சாட்சி பனிச்சங்கேணி. பனிச்சை என்ற மரப்பெயர் ஐகாரத்தில் முடிகிறது. அதனோடு கேணி சேரும்போது ஐகாரம் கெட்டு அம் சாரியை வந்திருக்கிறது. பனையும் காயும் சேர்ந்து பனங்காய் ஆவதும், ஆவிரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் விதியும் இதே அச்சுத்தான். பனிச்சை சும்மா வந்த மரமும் இல்லை. அதன் காயின் துவர்ச்சாற்றில் மீன்வலையைத் தோய்த்துப் பதப்படுத்துவது பழைய வழக்கம். நைலோன் நூல் வருமுன், பருத்தியாலும் சணலாலும் முடைந்த வலை உப்புநீரில் இற்றுப்போகாமல் காத்த காய் அது. கடலும் களப்பும் இரு பக்கமும் கிடக்கும் ஊருக்கு அந்த மரத்தின் பெயர் வாய்ப்பது மிகப் பொருத்தம்.

இரண்டாம் சாட்சி காயான்கேணி. காயா நீலப்பூ மரம். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்துக்குரியது, திருமாலின் நிறத்துக்கு உவமை. காயாவும் ஆகாரத்தில் முடியும் மரப்பெயர். மாவைப் போலவே மெல்லெழுத்துப் பெற்றால் காயாங்கேணி என்று வரவேண்டும். எழுத்தில் காயான்கேணி என்று னகரம் நிலைத்திருக்கிறது. வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றை எழுதியிருக்கிறது என்றே இதை நான் கொள்கிறேன். பனிச்சையும் காயாவும் இரு புறமும் மரமாக நிற்கும்போது நடுவே உள்ள மாவை மரமென்று கொள்வதே முறை. மானுக்காக வாதாடிய மாணவிக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுக்க வேண்டும். அவள் கேட்டிராவிட்டால் சாட்சிகளை யாரும் தேடியிருக்கமாட்டோம்.

ஒப்பிட வேறு கேணிகளும் உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணியில் அல்லியோடு கேணி சேர்ந்திருக்கிறது. அங்கே மெல்லெழுத்து இல்லை, ககரம் இரட்டித்திருக்கிறது. மட்டக்களப்பு நகரின் நடுவே களப்பு சூழ்ந்த புளியந்தீவு இன்னும் நல்ல பாடம். புளி மரத்தைக் குறித்தால் அம் சாரியை வரும்; சுவையைக் குறித்தால் வராது. புளியங்காய் மரத்தில் காய்ப்பது, புளிக்கறி சட்டியில் கொதிப்பது. மரத்தையும் சுவையையும் ஓர் அசையால் பிரித்து வைக்கும் இந்த நுட்பத்தை நம் பிள்ளைகள் அடுப்படியிலேயே கற்றுவிடுகிறார்கள். நன்னூலில் விதியாகப் படிக்கும்போதுதான் அது அவர்களுக்கு அந்நியமாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். தமிழ்ச் சொற்புதிரின் பூட்டு, சொற்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டில் இருக்கிறது. அகராதியை மனப்பாடம் செய்தவனைவிட, எங்கே ஒட்டியது, ஒட்டும்போது எது தோன்றியது, எது திரிந்தது, எது கெட்டது என்று பார்க்கத் தெரிந்தவன் முந்திக்கொள்வான். புதிர் போடும் ஆசிரியர் புணர்ச்சி இலக்கணத்தை அதன் பெயர் சொல்லாமலே நடத்துகிறார்.

பழைய ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளைச் சொல்கிறது. அவற்றுள் மூன்று, வகுப்பறைப் புதிருக்கு நேரான முன்னோர்கள்: எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம், வினாவுத்தரம்.

எழுத்து வருத்தனத்தில் எழுத்து ஒவ்வொன்றாகக் கூடும். தலை, மலை, பொன், தாமரை என்ற நான்கையும் ஒரே சொல்லின் வளர்ச்சியாகக் காட்டும் பாட்டு அந்நூலின் எடுத்துக்காட்டு. கம் என்றால் தலை. முன்னே ஓரெழுத்துச் சேர்ந்தால் நகம், மலை. இன்னும் ஓரெழுத்து, கநகம், பொன். இன்னும் ஒன்று, கோகநகம், தாமரை. அக்கரச்சுதகம் இதன் எதிர்நடை. எழுத்து ஒவ்வொன்றாக உதிரும். கநகாரி என்பது தூணில் தோன்றி இரணியனை அழித்தவன். முதலெழுத்து உதிர்ந்தால் நகாரி, மலையைப் பிளந்த முருகன். மீண்டும் உதிர்ந்தால் காரி, ஐயனார். மூன்று தெய்வம், நான்கே எழுத்து. இவை இரண்டும் நிகண்டுப் பயிற்சியைக் கேட்பவை. பாடிப்பாடி நிகண்டை நெஞ்சில் ஏற்றிய காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு நகம் என்றதும் மலை நினைவுக்கு வரும். இன்றைய பிள்ளைக்கு விரல் நுனிதான் நினைவுக்கு வரும். அது இன்றைய பிள்ளையின் குறை இல்லை. ஆகவே இவ்விரண்டு வகையையும் இன்றைய வகுப்புக்கு அப்படியே கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

வினாவுத்தரம் வேறு. அதை இன்றைக்கும் எந்த வகுப்பிலும் நடத்தலாம். பல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன விடை. எல்லா விடைகளையும் வரிசையாகச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை. தண்டியலங்காரப் புதிரை நம் உரைநடையில் சொன்னால் இப்படி வரும்: மலர்மேல் இருப்பவள் யார்? போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? போரில் எய்வதற்குப் பெயர் என்ன? அழகுக்கு ஒரு பெயர் சொல். பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம் எது? முதல் விடை திரு. இரண்டாவது ஏகு. மூன்றாவது அம்பு. நான்காவது அம். நான்கையும் கூட்ட வேண்டும்.

இங்கே பிள்ளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எதுவும் கிடைக்காது. திருவோடு ஏகு சேரும்போது இரண்டு உயிர்களுக்கு நடுவே வகர உடம்படுமெய் வந்து திருவேகு ஆகும். ஏகு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் அம்பின் அகரத்தைக் கண்டதும் விலகி ஏகம்பு ஆகும். அம்பின் ஈற்றுகரமும் அப்படியே விலகி, அம் சேர்ந்து, ஏகம்பம் ஆகும். திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில். ஒரு மெய் தோன்றியது, இரண்டு உகரம் கெட்டது. மூன்று மூட்டுக்கும் விதி உண்டு. உடம்படுமெய்யையும் குற்றியலுகரப் புணர்ச்சியையும் நடத்த இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை விதியைத் தானே கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு விடையைச் சொல்லும். அதற்குப் பிறகு ஆசிரியர் நன்னூல் நூற்பாவைச் சொன்னால், அது ஏற்கெனவே தெரிந்ததற்கு ஒரு பெயராக மட்டும் இருக்கும்.

ஊர்களில் வழங்கும் விடுகதை இதிலிருந்து வேறுபட்டது. ஈழத்தில் அதை நொடி என்பார்கள். நொடி போடுவதும் அவிழ்ப்பதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான பொழுதுக்கு உரியவை. தொல்காப்பியம் செய்யுளியலில் அதற்குப் பிசி என்று பெயர் கொடுத்து, பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு சேர்த்து எழுநிலத்து யாப்பில் ஒன்றாக வைக்கிறது. ஒப்புமையோடு வருவது ஒன்று, தோன்றுவதைச் சொல்லித் துணிய வைப்பது ஒன்று என இரண்டு வகையும் காட்டுகிறது. வாயில் பிறைநிலாவை வைத்து நடந்துவரும் மலை எதுவென்றால் யானை என்கிற மாதிரியான காட்சிப் புதிர் அது. அதை அவிழ்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். சொற்புதிருக்கோ எழுத்தை எழுத்தாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நொடி வீட்டில் வளர்ந்ததற்கும் சொற்புதிர் பள்ளியில் வளர்ந்ததற்கும் காரணம் இதுவென்று கருதுகிறேன். மட்டக்களப்பின் ஊர்ப்பெயர், பேச்சு, நாட்டுக்கவி எல்லாவற்றையும் சேர்த்துப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அருகில் இருந்தால், இரண்டு வகைக்கும் வேண்டிய சரக்கு ஒரே நூலில் கிடைக்கும்.

அச்சுக் காலத்தில் சொற்புதிர் கட்டங்களுக்குள் புகுந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21இல் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர் உலகெங்கும் பரவியது. தமிழில் 1930களில் எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ குறுக்கெழுத்துப் போட்டிகளால் வாசகர்களைத் திரட்டியது. இங்கிலாந்தில் 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திரிகை 12 நிமிடத்துக்குள் புதிரை அவிழ்க்கும் போட்டி ஒன்றை நடத்த, அதில் கலந்துகொண்ட சிலர் பின்னர் பிளெச்லி பார்க்கில் பகைவரின் மறைகுறிகளை உடைக்கும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

ஆங்கிலப் புதிரில் எழுத்துகளைக் குலுக்கிப் புதுச்சொல் ஆக்குவது பெரிய உத்தி. தமிழில் அது அத்தனை தூரம் போகாது. காரணம், நம் கட்டத்தில் நிற்பது உயிர்மெய். ‘கொ’ என்று எழுத மூன்று உருவங்கள் தேவைப்பட்டாலும் அது ஓரெழுத்து, ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம். அந்த மெய்யைச் சொல்லின் முதலில் வைக்க முடியாது. குலுக்கும் உரிமை குறைவு. அதற்கு ஈடாக, தமிழ்ப் புதிரை அவிழ்ப்பவனுக்கு இலக்கணம் பெரிய துணையாக இருக்கிறது. நன்னூல்படி சொல்லுக்கு முதலில் வரும் எழுத்து இனங்கள் 22; கடைசியில் வருபவை 24. நடுவிலோ மெய்ம்மயக்கம் என்ற கட்டுப்பாடு உண்டு. ஙகர ஒற்றுக்குப் பின், ‘அங்ஙனம்’ போன்ற சில சொற்களை விட்டால், ககர வரிசை மட்டுமே வரும். மாங்கேணிக் கட்டத்தில் முதலிரண்டு எழுத்தும் தெரிந்தால், 216 உயிர்மெய்யில் மூன்றாமிடத்துக்குத் தகுதியுள்ளவை 12 மட்டுமே. ஞகர ஒற்றுக் கண்டால் பெரும்பாலும் சகரம். வல்லின ஒற்றில் சொல் முடிந்தால் விடை எங்கோ தவறு, அல்லது அது கடன்வாங்கிய சொல். இத்தனையும் மனத்தில் ஓட ஓட, பிள்ளை மெய்ம்மயக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

மட்டக்களப்பு வட்டாரத்தில் பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, பெரும்புதிர் ஒன்றை எடுத்து அவிழ்த்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் கற்பித்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதியைக் கூறும் 25 அடிகளே அவர் எடுத்துக்கொண்ட புதிர். நரம்பின் பெயர்களும் எண்ணிக்கையும் அங்கே இருந்தன. ஆனால் வழக்கொழிந்துபோன கருவியை யாரும் கையில் எடுத்து மீட்டிக் காட்ட இல்லை. அந்த அடிகளுக்கு விரிவுரையாக எழுந்ததே ‘யாழ் நூல்’. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

அந்நூலில் நான் மதிப்பது அதன் முறையை. ஒரு சொல்லுக்குப் பொருள் கொண்டால் அந்தப் பொருள் அடுத்த அடிக்கும் ஒத்துவர வேண்டும், உரைகாரர் சொன்னதோடு பொருந்த வேண்டும், நரம்புகளின் அளவுக் கணக்கிலும் நேராக வரவேண்டும். விஞ்ஞானம் கற்ற மனமும் பண்டிதர் தேர்வு எழுதிய மனமும் ஓராளிடம் இருந்ததால் அது கைகூடியது. அவருடைய முடிபுகளோடு பின்வந்த இசையறிஞர் சிலர் உடன்படவில்லை. ஆனாலும் மறுத்தவர்களும் அவர் வகுத்த அதே கணக்கில் நின்றுதான் மறுக்க வேண்டியிருந்தது. மாணவர் போடும் சின்னப் புதிருக்கும் இதே நீதி வேண்டும். ஆறு குறிப்பில் ஐந்து பொருந்தி ஒன்று பொருந்தாத விடை, விடையாகாது. ‘கிட்டத்தட்ட சரி’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பும் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்யவில்லை.

மாங்கேணியிலிருந்து தெற்கே வந்தால் வந்தாறுமூலை. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்ப் பாடம் எடுக்கும் மாணவர் தினமும் உள்ளே நுழையும்போது வாசிக்கும் ஊர்ப்பெயரே ஒரு புதிர். வந்து, ஆறு, மூலை என்று மூன்றாகப் பிரிக்கத் தோன்றும். ‘வந்த ஆறு’ என்று பிரித்து, ஆறு ஓடிவந்த மூலை என்று பொருள் சொல்லலாமா? சொல்ல முடியாது. வந்த என்பதோடு ஆறு சேர்ந்தால் இடையில் வகரம் வந்து வந்தவாறு என்று ஆகும். வந்தாறு என்று வரவேண்டுமானால் முதற்சொல் வந்து என்ற எச்சமாகவே இருக்க வேண்டும். அதன் உகரம்தான் ஆகாரத்துக்கு வழிவிட்டு விலகும். வந்து என்ற வினையெச்சம் ஒரு வினையைத் தேடும். ஆகவே ஆறு இங்கே நதியாகாது, எண்ணும் ஆகாது, இளைப்பாறுவது. வந்து ஆறுகிற மூலை. இத்தனையையும் ஒரு வகர ஒற்று இல்லாமை சொல்லிவிடுகிறது. பெயருக்கு வேறு வரலாறு ஏதும் ஏட்டில் கிடைத்தால் அதையும் எடுத்துவைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதுவும் இந்த மூட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வாகரைப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடநூலில் ‘வாழைமரம்’, ‘பலாப்பழம்’ என்று அச்சிட்ட எடுத்துக்காட்டுகளோடு, பிள்ளைகள் பஸ்ஸில் வரும்போது பெயர்ப்பலகையில் பார்க்கும் ஊர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஓட்டமாவடியை முதலில் எடுக்கலாம். அதற்குள்ளும் அதே மா நிற்கிறது. அடுத்து வருவது அடி, உயிரெழுத்து. ஆகவே இங்கே ஙகரம் வரவில்லை, வகரம் வந்து மாவடி ஆகியிருக்கிறது. அதன் முன்னே மகர ஈறு கெட்டு நிற்கும் ஓட்டம் எந்த ஓட்டம், ஆற்றோட்டமா, வண்டியோட்டமா, ஆள் ஓடியதா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, பாட்டன் பாட்டிகளிடம் கேட்டு, ஊரின் பழைய உறுதிகளில் பெயர் எந்த ஒற்றோடு எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்த்து, சாட்சியோடு திங்கட்கிழமை வரச்சொல்லுங்கள்.